காடிழந்த குழந்தைக்குக் காட்டைப் பற்றிய பாடம்

மைசூரு மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கிறது ஹெக்கடதேவனகோட்டை வட்டம். ஒருபுறம் நாகரஹொளே காடு, மறுபுறம் பந்திப்பூர் காடு, நடுவே 1974இல் கட்டி முடிக்கப்பட்ட கபினி அணை. காட்டின் விளிம்பில் 'ஹாடி' எனப்படும் ஆதிவாசிக் குடியிருப்புகள். ஜேனு குருபர், பெட்ட குருபர், எரவர், சோளகர் ஆகிய மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த ஹாடிகளிலிருந்து முதல் வகுப்பில் சேரும் குழந்தை பள்ளியில் காட்டைப் பற்றிப் படிக்கிறது. காட்டில் புலி வாழ்கிறது, யானை வாழ்கிறது, மான் வாழ்கிறது. பாடப்புத்தகக் காட்டில் மனிதர் எவரும் வாழ்வதில்லை. அந்தக் குழந்தையின் பாட்டி அதே காட்டுக்குள் பிறந்தவர் என்பதற்குப் பாடத்தில் இடமில்லை.

நாகரஹொளே காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆதிவாசிகளின் நிலையை ஆராயக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. மைசூரு பல்கலைக்கழகப் பேராசிரியர் முசாபர் அசாதி அதன் தலைவர். 3,418 குடும்பங்களுக்கு மறுவாழ்வு அளிக்கப்பட வேண்டும் என்று 2014இல் அக்குழு அறிக்கை தந்தது. விலங்குகளைக் காக்க மனிதரை அகற்றியாக வேண்டும் என்பது வனத்துறையின் வாதம். ஆனால் 1990களில் அதே காட்டுக்குள் தாஜ் குழுமத்தின் சுற்றுலா விடுதி எழ அனுமதி கிடைத்தது. ஆதிவாசிகள் போராடினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 1997இல் உயர்நீதிமன்றம் அந்தக் குத்தகையைச் சட்டவிரோதம் என்று தள்ளியது. தேன் எடுப்பவன் காட்டுக்குப் பகைவன், விடுதி நடத்துபவன் நண்பன் என்ற கணக்கை மக்கள் போராட்டமே முறியடித்தது. 2025 மே மாதத்தில் 50க்கும் மேற்பட்ட ஜேனு குருபா குடும்பங்கள், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் கையில் ஏந்தி, நாகரஹொளேயில் தங்கள் மூதாதையர் வாழ்ந்த இடத்துக்குத் திரும்பிச் சென்றன. தொடக்கப்பள்ளியில் சுற்றுச்சூழல் கல்வி என்று எவர் பேசினாலும் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை முன்னே நிறுத்தித்தான் பேச வேண்டும்.

இதே வட்டத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1995இல், யூனிசெப் உதவியுடன், இங்குள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளில்தான் 'நலி கலி' என்ற கற்பித்தல் முறை பிறந்தது. பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர் திடுக்கிடக்கூடும். தமிழில் நலிதல் என்றால் நைந்துபோதல். கன்னடத்திலோ அது களித்தல். 'கலி' என்பது தமிழின் 'கல்' என்ற வினையின் உடன்பிறப்பு. ஆக, மகிழ்ந்து கற்றல் என்பதே பொருள். கன்னடப் பொருளில் தொடங்கிய திட்டம் பின்னர் தமிழ்ப் பொருளை நோக்கி நகர்ந்தது என்பது தனிக்கதை. அதற்குச் சற்றுப் பின் வரலாம்.

ஹெக்கடதேவனகோட்டையின் அரசுப்பள்ளி ஆசிரியர்கள் ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலிக்குச் சென்றார்கள். அங்கே கிராமப்புறத் துணைப்பள்ளிகளில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில், அட்டைகளின் துணையோடு, அவரவர் வேகத்தில் கற்பதைக் கண்டார்கள். திரும்பி வந்து தங்கள் வட்டத்துக்கு ஏற்றபடி அட்டைகளையும் பாடல்களையும் விடுகதைகளையும் தாங்களே உருவாக்கினார்கள். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. குழந்தைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்குவதற்குத் தலைக்குமேல் கயிற்றுப் பந்தல். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைக் குழந்தையே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கற்றல் ஏணி. மொழி, கணிதம் ஆகியவற்றோடு 'பரிசர அத்யயன', அதாவது சூழ்நிலைக் கல்வியும் அந்த ஏணியில் சேர்ந்தே நடந்தது.

சுவரில் ஒரு வானிலை அட்டவணையும் உண்டு. நாள்தோறும் வகுப்பு தொடங்கும்போது குழந்தைகள் வெளியே எட்டிப் பார்த்து, வெயிலா, மேகமா, மழையா என்று அதில் பதிவு செய்வார்கள். பார்வைக்கு மிக எளிய செயல். ஆனால் இதைவிடச் சிறந்த சுற்றுச்சூழல் பாடம் ஆறு வயதுக்கு வேறு இருக்க முடியுமா என்பது ஐயமே. ஒரு மாதம் தொடர்ந்து குறித்தால் எண்ணிக்கை வருகிறது, அது கணிதம். குறித்ததைச் சொல்லச் சொற்கள் வேண்டும், அது மொழி. சென்ற மாதத்துக்கும் இம்மாதத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் அறிவியல் தொடங்கிவிடுகிறது. சுற்றுச்சூழல் கல்வியை அன்றாடக் கற்றலோடு நெய்வது என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான். அதற்குத் தனிப் பாடவேளையும் தேவையில்லை, ஜூன் 5ஆம் நாள் முழக்கப் பதாகையும் தேவையில்லை.

அந்த அட்டவணை எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதைத் தமிழ்நாட்டு உழவரைக் கேட்டால் தெரியும். வயநாட்டில் பெய்யும் மழை கபினியில் சேர்கிறது. கபினி நிரம்பினால் நீர் திறக்கப்படுகிறது. திருமகூடலு நரசிபுரத்தில் அது காவிரியோடு கலந்து மேட்டூருக்கு வருகிறது. ஜூலை மாதத்தில் கபினி அணையின் நீர்மட்டம் தமிழ் நாளேடுகளுக்கு முதல் பக்கச் செய்தி. கேரளத்து மழை, கர்நாடகத்து அணை, தமிழ்நாட்டு வயல் என்ற இந்தத் தொடரை மூன்று மாநிலக் குழந்தைகளும் மூன்றாம் வகுப்பிலேயே தம் தம் மொழியில் அறிந்திருந்தால், 1991 டிசம்பரில் பெங்களூரிலும் தென் கர்நாடகத்திலும் தமிழ் உழைப்பாளிகளின் குடிசைகளுக்குத் தீ வைத்த இனவெறியர்களுக்கு ஆள் சேர்ப்பது சற்றுக் கடினமாயிருக்கும். காவிரிச் சிக்கலுக்குத் தீர்வு பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்பதல்ல வாதம். நதிநீரை உழவர்களின் சிக்கலாகப் பார்க்கப் பழகாத தலைமுறை, அதை மொழிகளின் பகையாகப் பார்க்க எளிதில் பழக்கப்படுத்தப்படுகிறது.

மேலிருந்து வந்த அட்டைகள்

2009-10 கல்வியாண்டில் நலி கலி கர்நாடகம் முழுவதும் கன்னட வழி அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிக்கப்பட்டது. இடதுசாரிகள் வரவேற்க வேண்டிய விரிவாக்கம்தானே என்று தோன்றும். சிக்கல் விரிந்த விதத்தில் இருந்தது. ஒரு வட்டத்தின் ஆசிரியர்கள் தங்கள் ஊரின் மரத்தையும் பறவையையும் பண்டிகையையும் பார்த்து எழுதிய அட்டைகளின் இடத்தில், மாநில அளவில் ஒரே மாதிரியாக அச்சிடப்பட்ட அட்டைகள் வந்தன. பீதருக்கும் குடகுக்கும் ஒரே சூழல் என்றாயிற்று. உருவாக்கியவராக இருந்த ஆசிரியர், வந்த பெட்டியைப் பிரித்து வரிசைப்படி வழங்குபவரானார். சூழலைப் பற்றிய கல்வி சூழலற்றதாக மாறும்போது அதில் மிஞ்சுவது அட்டையின் எண் மட்டுமே.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான அனுபவமல்ல. அதே ரிஷிவேலி ஊற்றிலிருந்து கிளைத்த செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் வந்தது. வகுப்பறையின் பெஞ்சு வரிசையைக் கலைத்து ஆசிரியரைத் தரையில் குழந்தையின் அருகே அமர வைத்த பெருமை அதற்கு உண்டு. அங்கும் அட்டைகள் மேலிருந்து கீழே வந்தன. ஆசிரியரின் ஊர் அவற்றில் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டமோ இன்னும் கொடுமையான முடிவைக் கண்டது. 1972 முதல் முப்பது ஆண்டுகள் அரசுப்பள்ளிகளில் நடந்து, குழந்தைகளை வயலுக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்ற அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு ஒரே ஆணையில் மூடியது.

இங்கே இடதுசாரி இயக்கத்துக்குள் நெடுநாளாக இருந்துவரும் ஒரு விவாதத்தைத் தவிர்க்க முடியாது. பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் முறைகள், உலக வங்கியின் நிதி பள்ளிக்கல்விக்குள் நுழைந்த 1990களில் பரவியவை. ஆசிரியர்களை நியமிக்காமல் இருப்பதற்குக் கல்வியியல் முலாம் பூசும் தந்திரம் இது என்று தோழர்கள் அன்றே கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் தவறல்ல. கல்வி உரிமைச் சட்டமே, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஐந்து வகுப்புகளுக்கு இருவர். காட்டோரச் சிற்றூர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் நிலைமை இதுதான். ஆனால் கண்டனத்தோடு நின்றுவிட்டதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. வறுமையிலிருந்தும் பற்றாக்குறையிலிருந்தும் அரசுப்பள்ளி ஆசிரியர்கள் கண்டுபிடித்த ஒரு நல்ல முறையை, அதைத் தவறாகப் பயன்படுத்திய அரசோடு சேர்த்தே ஒதுக்கிவிட்டோர் உண்டு. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையும், அந்த ஆசிரியருக்குத் தன் ஊரைப் பாடமாக்கும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கையும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. முதலாவதற்காக இயக்கம் பலமுறை தெருவில் இறங்கியிருக்கிறது. இரண்டாவதற்காக எத்தனை முறை?

யார் என்ற கேள்வி

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1991 நவம்பரில் ஆணையிட்டது. அந்த ஆணை பல இடங்களில் இன்னொரு பாடப்புத்தகம், இன்னொரு தேர்வு என்று மாறியது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் நல்ல திசையைக் காட்டியது. முதல் இரண்டு வகுப்புகளில் தனிப்பாடம் வேண்டாம், மொழிக்குள்ளும் கணக்குக்குள்ளும் சூழல் வரட்டும். மூன்று முதல் ஐந்து வரை அறிவியலையும் சமூக அறிவியலையும் பிரிக்காமல் ஒரே பாடமாகச் சூழல் வரட்டும் என்றது. அதன் வழியில் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட தொடக்கநிலை நூல்வரிசையைத் தோழர்கள் தேடி எடுத்துப் பார்க்கலாம். நான்காம் வகுப்பில் கர்நாடகத்துச் சிறுவன் பசவா, வெங்காயம் பயிரிடும் தன் தந்தையின் நிலத்தைப் பற்றிச் சொல்கிறான். ஐந்தாம் வகுப்பில் ஜார்க்கண்டின் சூரியமணி, காடு யாருடையது என்று கேட்கிறாள். அணைக்காக ஊர் இழந்து மும்பையின் குடிசைப் பகுதிக்கு வந்துசேரும் ஒரு குடும்பம் ஒரு பாடம். கழிவை அள்ளும் வேலையை ஏன் சிலரே செய்கிறார்கள் என்பது இன்னொரு பாடம். பத்து வயதுக் குழந்தைக்குச் சாதியும் வர்க்கமும் இடப்பெயர்வும் புரியாது என்று அந்நூலை எழுதியவர்கள் கருதவில்லை. அவற்றுக்கு நடுவே வாழும் குழந்தைக்கு அவை புரியாமல் எப்படி இருக்கும்?

இன்று அந்த நூல்வரிசையே விலக்கப்பட்டுவிட்டது. 2023இன் புதிய கலைத்திட்டச் சட்டகத்தின்படி 2024இலும் 2025இலும் 'நமது அற்புத உலகம்' என்ற பொருளுடைய பெயரில் புதிய நூல்கள் வந்துள்ளன. குழந்தைக்கு உலகம் அற்புதமானதுதான், அதில் தகராறில்லை. ஆனால் நீரை விலைமதிப்பற்ற கொடையாகக் காட்டும் நூல், அந்தக் கொடை யார் வீட்டுக் குழாயில் வருகிறது, யார் வீட்டுப் பெண் குடத்தோடு நடக்கிறாள் என்றும் கேட்டாக வேண்டும். மேல்வகுப்புகளிலோ கத்திரி வெளிப்படையாகவே விழுந்தது. 2022இல் பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலிலிருந்து சுற்றுச்சூழல் சிக்கல்கள் பற்றிய அத்தியாயமும், பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து இயற்கை வள மேலாண்மை பற்றிய அத்தியாயமும் நீக்கப்பட்டன.

நீக்கியதன் இடத்தில் ஒன்றிய அரசு வைத்திருப்பது தனிமனித ஒழுக்கம். 'லைஃப்' இயக்கம் 2022 அக்டோபரில் குஜராத்தின் கெவாடியாவில் தொடங்கிவைக்கப்பட்டது. விளக்கை அணை, குழாயை மூடு, துணிப்பை எடு என்பதே அதன் சாரம். நர்மதை அணைக்காக ஆதிவாசிகள் நிலமிழந்த மண்ணில் நின்றுகொண்டு, சூழலைக் காப்பது உன் வீட்டு மின்விளக்கில் இருக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லப்பட்டது. 2024 ஜூனில் தாயின் பெயரால் ஒரு மரம் நடச் சொன்னார்கள். மரம் நடுவது நல்லதே. ஹஸ்தேவ் காட்டில் நிலக்கரிக்காக வெட்டப்பட்ட மரங்கள் யாருடைய தாயின் பெயரால் வெட்டப்பட்டன என்று வகுப்பில் ஒரு குழந்தை கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்?

மைசூரு நகரமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016இல் 73 நகரங்களில் நடந்த தூய்மைக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற நகரம் அது. ஈரக்குப்பை, உலர்குப்பை என்று பிரித்துப் போடுவது பள்ளிக் குழந்தைக்குச் சொல்லித் தரப்படும் முதல் நற்பழக்கம். பிரித்த குப்பை அதன்பின் எங்கே போகிறது? அதிகாலையில் தள்ளுவண்டியோடு வரும் பௌரகார்மிகரிடம். அவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள், அதிலும் பெண்கள் மிகுதி. 2022 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டுக் கர்நாடகம் முழுவதும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் தூய்மை என்பது பழக்கமல்ல, உழைப்பு என்பது நகரங்களுக்கு நினைவு வந்தது. நகராட்சிப் பள்ளியில் படிக்கும் பௌரகார்மிகரின் மகள், தன் தாய் செய்யும் வேலை பாடத்தில் மதிப்போடு வருவதைக் காணும் நாளில்தான் அந்தப் பாடம் அவளுக்கும் உரியதாகும். தன் தாயின் கூலியை அவள் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், அதுவும் சூழ்நிலையியலே.

தென்மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டாரக் கல்வி நிறுவனம் 1963 முதல் இந்நகரின் மானசகங்கோத்ரியில் இயங்குகிறது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அங்கேயே. அருகில் குக்கரஹள்ளி ஏரி. ஏரிக்கு நீர் கொண்டுவந்த பூர்ணையா கால்வாயின் தடம் நகர் விரிவாக்கத்தில் சிதைந்தது, கழிவுநீர் கலந்தது, மக்கள் குரலெழுப்பினார்கள். ஆசிரியர் பயிற்சிக்கு வரும் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் அந்த ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது நடந்து, நீர்வரத்து எங்கே அறுந்தது, அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று விசாரித்து எழுதினால், ஊர் திரும்பியதும் தன் ஊர்க் கண்மாயைப் பற்றி அதே கேள்விகளைக் குழந்தைகளோடு கேட்க முடியும். அரங்குக்குள் காட்டப்படும் படவில்லைகளுக்கு அந்த ஆற்றல் இல்லை.

மொழி நிறுவனத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஹாடிக் குழந்தையின் வீட்டுமொழி பாடப்புத்தகக் கன்னடம் அல்ல. தேனீயின் வகைகளுக்கும் கிழங்கின் வகைகளுக்கும் அம்மொழியில் உள்ள பெயர்கள் வகுப்பறை வாசலில் விட்டுவிடப்படுகின்றன. பெயரோடு அறிவும் போய்விடுகிறது. பிலிகிரிரங்கன் மலையின் சோளகர்கள், தரையில் சருகை மட்டும் எரிக்கும் தங்கள் பழைய வழக்கம் தடுக்கப்பட்ட பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியது என்று சொல்லி வருகிறார்கள். 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை பெற்ற மக்கள் அவர்கள். அவர்களுடைய கூற்றை ஆய்வாளர்கள் செவிமடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தொடக்கப்பள்ளிப் பாடம் இன்னும் செவிமடுக்கவில்லை. தமிழ் இலக்கணம் ஒரு நிலத்தின் கருப்பொருளைக் கணக்கிடும்போது மரத்தோடும் பறவையோடும் அங்குள்ள மக்களின் தொழிலையும் ஒரே பட்டியலில் வைத்தது. அந்த நிலச் சமூகத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் உழைப்பை நீக்கிவிட்டு இயற்கையை வரையும் இன்றைய பாடத்தைவிட அப்பட்டியல் மெய்ம்மைக்கு நெருக்கமானது.

சிறு குழந்தைகள்மீது அரசியலைச் சுமத்தலாமா என்ற மறுப்பு எழும். கட்சிக்குள்ளிருந்தே எழும். முழக்கங்களை மனப்பாடம் செய்விப்பது கல்வியல்ல, அது எந்த முகாமிலிருந்து வந்தாலும். ஆனால் காட்டில் மனிதர் இல்லை என்று எழுதுவதும், குப்பை தானே மறைகிறது என்று எழுதுவதும் அரசியல்தான். குழந்தையிடம் விடையைத் திணிக்க வேண்டாம். தன் கண்ணால் கண்டதைக் கேள்வியாக்கும் உரிமையை அதனிடமிருந்து பறிக்காமல் இருந்தால் போதும்.

2025 ஆகஸ்டில் இரு செய்திகள் வந்தன. கர்நாடகத்தில் சுக்தேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம் தன் அறிக்கையை அளித்தது; தமிழ்நாடு தன் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஒன்றிய அரசின் கொள்கைக்கு மாற்றாக இரு மாநிலங்களும் தம் பாடநூல்களைத் தாமே வகுக்க முனையும் நேரம் இது. பாடநூல் எழுதும் அறைக்குள் மாவட்ட அளவிலான ஆசிரியர் குழுக்களுக்கு இடம் வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்களில் உள்ள தோழர்கள் இப்போதே கேட்க வேண்டும். நூல் அச்சான பின் கண்டன அறிக்கை விடுவதில் பயன் குறைவு.

கீழே, பள்ளி அளவில், வேலை இன்னும் எளிது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பொறுப்பு அக்குழுவுக்கு உண்டு. அதில் அமர்ந்திருக்கும் கட்சி உறுப்பினர்கள் கழிப்பறை, சுற்றுச்சுவர், காலிப் பணியிடம் ஆகியவற்றைப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில், ஊரின் கிணறுகளையும் நீர்வழிகளையும் அறிந்த ஒரு விவசாயத் தொழிலாளியை மாதம் ஒருமுறை மூன்றாம் வகுப்புக்கு அழைப்பது என்ற தீர்மானத்தையும் சேர்க்கலாம். அவருக்கு அன்றைய கூலி இழப்பை ஈடுசெய்ய யாரிடம் நிதி கேட்பது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிடுவது நல்லது.